வருந்துகிறோம் என்றால் யார் யார்?

அந்தப் பேருந்து நிலையத்தில் வருத்தத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. வண்டி தாமதமானால் வருந்துவார்கள். வண்டியே வராமல் போனால் இன்னும் கொஞ்சம் வருந்துவார்கள். குழாயில் தண்ணீர் நின்றால், மேற்கூரை ஒழுகினால், கழிப்பறையைப் பூட்டிய ஆள் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டால், எல்லாவற்றுக்கும் வருத்தம் தயாராக இருந்தது. வருந்துவது யார் என்றால், போக்குவரத்துக் கழகம். கழகம் என்றால் யார் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கிறவனுக்கு வேறு கவலை இல்லையா என்ன?

கழகத்தின் அந்த வருத்தத்தை வாயால் சொல்கிற வேலை மைக் அக்காவுடையது. நிலையத்தில் துடைப்பம் பிடிக்கிறவரிலிருந்து கிளை மேலாளர் வரை எல்லாருக்கும் அவள் மைக் அக்காதான். வீட்டில் மாமியாரே யாரிடமாவது பேசும்போது "எங்க மைக்கு" என்றுதான் சொல்வாள். நடைமேடைகளுக்கு நடுவில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு மைக். மைக்கின் சுவிட்ச் கொஞ்சம் தளர்ந்தது. அணைத்தாலும் சில சமயம் அதுவாகவே எழுந்துகொள்ளும். கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையில், கழகத்தின் மரியாதை விதிகளிலிருந்து எடுத்த வாக்கியம் இருந்தது: 'தடங்கலுக்கு வருந்துகிறோம்.' கெட்ட செய்தி எதையும் இந்த வாக்கியம் இல்லாமல் வெளியே விடக்கூடாது என்பது விதி. அட்டையைப் பார்க்காமலே அவளுக்கு அது வரும். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூட வரும் என்று அவள் கணவன் சொல்வான்.

அன்றைக்குக் கிழக்கு வழி வண்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. மத்தியானத்திலிருந்து வருந்தி வருந்தித் தொண்டை கட்டிப்போன நேரத்தில், தோளில் தூங்குகிற குழந்தையோடு ஒரு பெண் வந்து கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடியில் பேசுவதற்காக ஒரு சின்ன வட்ட ஓட்டை உண்டு. அதற்கு நேராகக் குனிந்து கேட்டாள்.

"யாரும்மா அது, வருந்துறவங்க? நானும் அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆஸ்பத்திரியில எங்கம்மா கிடக்குது. பார்வை நேரம் முடிஞ்சா உள்ள விடமாட்டான். வருந்துறோம் வருந்துறோம்ங்கறீங்களே, ஒரே ஒரு ஆளைக் காட்டு. காட்டிட்டா நான் பேசாம போய் உக்காந்துக்கறேன்."

கேட்டது நியாயமான கேள்வி. மைக் அக்கா கூண்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நாற்காலி இருந்தது, மின்விசிறி இருந்தது. வேறு யாரும் இல்லை.

"எனக்கு வருத்தமா இருக்குக்கா," என்றாள். "நிஜமாவே."

தளர்ந்த சுவிட்ச் அந்த நேரம் பார்த்து எழுந்திருந்தது. நிலையம் முழுக்க, மூலைக்கு மூலை தொங்கிய ஒலிபெருக்கிக் குழாய்களிலெல்லாம் அது கேட்டது. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, சொன்ன வாக்குப்படி போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை கிளை மேலாளர் ஒரு குறிப்பாணையை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். 'நேற்று மாலை தங்கள் கூண்டிலிருந்து அங்கீகரிக்கப்படாத வருத்தம் வெளியேறியதாகத் தகவல். தலைமை அலுவலகத்தில் சொற்பொறுப்புப் பிரிவின் முன் நேரில் ஆஜராகவும்.'

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"வருத்தம்னு சொன்னேன் சார்."

"அது தினமும் சொல்றதுதானே?"

"நேத்து பட்டுட்டேன் சார்."

மேலாளர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

சொற்பொறுப்புப் பிரிவு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில், 'சொல் கழகத்துடையது. பொருள் கேட்பவருடையது' என்று பித்தளையில் பலகை. உள்ளே நீள மேசை. நடுவில் தலைவர். கழகத்தின் மரியாதை விதிகளை எழுதியவர் அவர்தான். அந்தப் பெருமை அவர் உட்காருகிற தினுசிலேயே தெரிந்தது. வலது பக்கம் சட்ட அலுவலர். வருகிறவர் எல்லாரும் எதையோ திருடிவிட்டார்கள், என்ன என்பதுதான் பாக்கி என்பது போன்ற பார்வை அவருக்கு. இடது பக்கம் இலக்கண ஆலோசகர். அலுவலகத்தில் அவருக்கு நாலாம் வேற்றுமை என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும், உள்ளூரச் சந்தோஷம்தான். மேசையின் ஓரத்தில் ஒரு சுருக்கெழுத்தர். எல்லார் முன்னாலும் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். மைக் அக்காவின் முன்னால் மூடி மட்டும் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, இந்தக் கழகம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருந்துதுன்னு உங்களுக்குத் தெரியும். சொல்றவங்களே நீங்கதான். இத்தனை வருஷத்துல, அந்த வருத்தத்தால ஒரு ஊழியருக்காவது ஒரு சின்ன மனக்கஷ்டம் வந்ததுண்டா? கிடையாது! அதுதான் நிர்வாகம். அந்த அளவுக்குக் கட்டுக்கோப்பா வச்சிருக்கோம். இப்ப முதல் தடவையா ஒருத்தருக்கு வந்திருக்கு. அது எப்படி வந்துச்சு, யார் மூலமா வந்துச்சு, இன்னும் யார் யார்கிட்ட பரவியிருக்கு, இதைத்தான் விசாரிக்கப் போறோம். பயப்படாம சொல்லுங்க."

பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் மைக் அக்காவுக்குப் பயம் வரும். வந்தது.

நாலாம் வேற்றுமை ஆரம்பித்தார். "‘எனக்கு’ன்னு சொல்லியிருக்கீங்க. ‘நான் வருந்துகிறேன்’னு சொல்லியிருந்தா எழுவாய் நீங்க, வினை உங்களுது, விஷயம் அதோட முடிஞ்சிருக்கும். ஆனா நீங்க ‘கு’ போட்டுட்டீங்க. ‘கு’வுக்குக் கொடைப் பொருள் உண்டு. ‘ஏழைக்குக் கொடுத்தான்’ங்கற மாதிரி. அப்ப வருத்தத்தை உங்களுக்குக் கொடுத்தது யாரு?"

"யாரும் கொடுக்கல சார். வந்துச்சு."

"வந்துச்சு!" சட்ட அலுவலர் நிமிர்ந்தார். "எங்கேர்ந்து?"

"தெரியல சார். அந்த அக்காவைப் பாத்தேன், வந்துச்சு."

"எழுதிக்குங்க. வெளியாள் வழியா வந்திருக்கு."

"பகைப் பொருளும் உண்டு," என்றார் நாலாம் வேற்றுமை, தனக்குப் பிடித்த பண்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தவர் மாதிரி. "முறைப் பொருளும் உண்டு. அந்தம்மா உங்களுக்கு என்ன முறை?"

"முறையெல்லாம் ஒண்ணுமில்ல சார். முன்னப்பின்ன பாத்ததே கிடையாது."

"‘அக்கா’ன்னு கூப்பிட்டிருக்கீங்களே?"

"எல்லாரையும் அப்படித்தான் சார் கூப்பிடுவேன். என்னையே எல்லாரும் அக்கான்னுதான்..."

"அப்ப நீங்களும் அக்கா, அவங்களும் அக்கா," என்றார் சட்ட அலுவலர். "தங்கச்சி யாரு?"

சுருக்கெழுத்தர் 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டார். அன்றைய விசாரணை, தங்கையைத் தேடுவது என்ற முடிவோடு நிறைவடைந்தது.

வீட்டில் விஷயம் அதற்கு முன்பே வந்துசேர்ந்திருந்தது. அவள் கணவனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. நாள் முழுக்க ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் அப்படியே பார்ப்பான்.

"யாருக்காக வருத்தப்பட்ட?"

"ஒரு பொம்பளைக்காகங்க. கைப்பிள்ளையோட நின்னா."

"கூட அவ புருஷன் இருந்தானா?"

"இல்ல."

"அண்ணன் தம்பி யாராச்சும்?"

"யாருமே இல்லங்க. அதனாலதான் பாவமா இருந்துச்சு."

"யாருமே இல்லன்னு எப்படி அவ்வளவு சரியாப் பாத்து வச்சிருக்க?"

மாமியாருக்கு வேறு மனத்தாங்கல். "எனக்கு முழங்கால் வீங்கி நடக்கமுடியாம கிடந்தப்ப இவ என்ன கேட்டா? ‘மாத்திரை போட்டீங்களா’ன்னு கேட்டா. அவ்வளவுதான். வருத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை? ரோட்டுல போறவளுக்கு மைக்கு போட்டு வருத்தப்படறா. வீட்டுல இருக்கறவங்களுக்கு மாத்திரை!"

இதில் உண்மை இருந்தது. சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தாள். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில் ஓடுகிறது. கண்ணாடிக் கடைச் சம்பளம் மளிகைக்கும் மாமியாரின் முழங்காலுக்குமே சரியாக இருக்கும். வேலை போனால் நடுத்தெருதான். ஒரு வார்த்தைக்காகவா? அதுவும் தினமும் அதே வார்த்தையைச் சொல்லித்தானே சம்பளம் வாங்குகிறாள்?

இரண்டாவது விசாரணைக்கு ஒரு தட்டச்சுப் பிரதி தயாராக இருந்தது. அதில்தான் வினை. சுருக்கெழுத்திலிருந்து விரித்து எழுதும்போது ஒரு 'மா' தேய்ந்து 'ம்' ஆகிவிட்டது. 'எனக்கு வருத்தமா இருக்கு' என்று அவள் சொன்னது, 'எனக்கு வருத்தம் இருக்கு' என்று ஆகியிருந்தது.

தமிழ் பேசுகிற யாருக்கும் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். வருத்தமா இருக்கு என்றால் பாவம், மனசு கனக்கிறது. வருத்தம் இருக்கு என்றால் யார் மேலோ மனத்தாங்கல், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். சட்ட அலுவலர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"கழகத்து மேல உங்களுக்கு என்ன வருத்தம்?"

"கழகத்து மேலயா? எனக்கா? ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல சார். வருத்தமா இருக்குன்னேன். ‘மா’ சார், ‘மா’!"

"யாரைக் கூப்பிடறீங்க?"

"யாரையும் கூப்பிடல சார். வருத்த-மா."

"‘வருத்தம், மா’ன்னு அந்தப் பெண்மணியை விளிச்சிருக்கலாம்," என்றார் நாலாம் வேற்றுமை. "விளி வேற்றுமை. அப்பவும் கழகத்து மேல வருத்தம்தான். அதை ஒரு வெளியாளைக் கூப்பிட்டுச் சொன்னதா ஆகுது. இன்னும் மோசம்."

நிலையத்து அறிவிப்புகள் பதிவாகிற ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார்கள். 'மா' தெளிவாகவே இருந்தது. மேசையைச் சுற்றி ஒரு சின்ன ஏமாற்றம் பரவியது. ஆனால் சட்ட அலுவலர் அசரவில்லை. ஒலிநாடாவை இன்னொரு முறை ஓடவிட்டு, கடைசியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"‘நிஜமாவே’ன்னு ஒண்ணு கேக்குதே. அது என்ன?"

"அது... நிஜமாத்தான் சார் இருந்துச்சு. அதான் சொன்னேன்."

"உங்க வருத்தம் நிஜம்."

"ஆமா சார்."

"அப்ப இத்தனை வருஷமா இதே மைக்குல, இதே குரல்ல, கழகம் பட்ட வருத்தம்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தக் கிணற்றில் கால் வைத்திருக்கிறோம் என்று மைக் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"சார், நான் சும்மா சொன்னேன்னு எழுதிக்குங்க. நிஜமா ஒண்ணும் இல்ல. வாய் தவறி வந்துடுச்சு."

"அப்படின்னா அது அதைவிடப் பெரிய குத்தம்," என்றார் சட்ட அலுவலர். "இருக்கிற வருத்தத்தை வெளியே விட்டது ஒழுங்கீனம். இல்லாத வருத்தத்தை இருக்குன்னு சொல்றது மோசடி. ஜெயில் வரைக்கும் போகும். எது வேணும், சொல்லுங்க."

"கழகம் தினமும் சொல்லுதே சார்?"

தலைவருக்குச் சுருக்கென்றது. "அம்மா! கழகம் சொன்னா அது மரியாதை. ஆள் சொன்னா அது வாக்குமூலம். ‘வருந்துகிறோம்’ங்கறதுல அந்த ‘ஓம்’ இருக்கு பாருங்க, அது நான் போட்டது. அதுக்குள்ள யாருமே கிடையாது. ஒருத்தரும் மாட்டிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சேன். நீங்க அதுக்குள்ளேர்ந்து வெளிய வந்து நின்னுக்கிட்டு ‘எனக்கு’ங்கறீங்க."

சொல்லி முடித்ததும் தலைவருக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். 'ஓம்'மில் யாருமே இல்லை என்று சுருக்கெழுத்தர் எழுதியும்விட்டார். எழுதியது எழுதியதுதான். ஆகவே அதைச் சரிபார்த்துவிடுவது என்று தீர்மானமானது. கழகத்தின் எல்லாப் பணிமனைக்கும் எல்லாப் பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது: 'வருந்துகிறோம் என்பதில் தாங்கள் அடக்கமா? ஆம் எனில், எவ்வளவு காலமாக?'

இந்த மாதிரி ஒரு கேள்வி வந்தால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எந்த மனிதனும் என்ன எழுதுவான் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டுநர்கள், 'எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வண்டி பழுது' என்று எழுதினார்கள். பணிமனைக்காரர்கள், 'எங்களுக்கும் சம்பந்தமில்லை, உதிரி பாகம் வரவில்லை' என்றார்கள். உதிரி பாகப் பிரிவு, 'வருத்தம் இருப்பில் இல்லை' என்று முத்திரை குத்தி அனுப்பியது. சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவர் பயந்துபோய், தான் ஒப்பந்தக்காரர்தான், தனக்கு உணர்ச்சிகள் வழங்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு நடத்துநர் மட்டும், 'எப்பவாவது லேசாக' என்று எழுதி, அடுத்த தபாலிலேயே அடித்துத் திருத்தி அனுப்பினார்.

நடுவில் மைக் அக்காவின் பின்னால் ஒரு ஆள் திரிய ஆரம்பித்தான். பேருந்தில் அவள் இறங்குகிற இடத்தில் இறங்குவான். செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பான். தாள் என்னவோ பழைய தாள். அவள் பெருமூச்சு விட்டால் தாள் ஒருமுறை ஆடும். ஒரு நாள் காய் வாங்கும்போது, அழுகிய தக்காளியை எடுத்துப் பார்த்து "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே கிளை மேலாளர் கூப்பிட்டு, தக்காளிக்கும் அவளுக்கும் என்ன என்று கேட்டார். அதிலிருந்து அவள் முகத்தை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளப் பழகினாள். கூண்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்க்கும்போது, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். யார் முகத்திலிருந்து எப்போது என்ன வந்து தொலைக்குமோ?

வீட்டில் மட்டும் நிலைமை கொஞ்சம் தேவலையாக இருந்தது. மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடும்போது ஒரு நாள், அந்தச் செய்தித்தாள்காரன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, வலிக்குதா? எனக்குப் பாக்கவே வருத்தமா இருக்கு" என்று காதோடு சொன்னாள்.

"இதை ஏண்டி திருட்டுத்தனமாச் சொல்ற?" என்றாள் மாமியார். ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை கூடுதலாகச் சிரித்தாள். கணவன் ஒரு கண்ணைச் சுருக்கி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். தனக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று அவனுக்குச் சந்தேகம்.

சுற்றறிக்கைக்கு வந்த பதில்களை எல்லாம் கட்டி முடித்த பிறகு கடைசி விசாரணை. கழகத்தில் வருத்தம் இருப்பது ஒரே ஒருவரிடம், அது மைக் அக்காவிடம், என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டதாகச் சட்ட அலுவலர் எழுந்து நின்று சொன்னார். வருங்காலத்தில் இப்படி நேராமலிருக்க ஒரு புதிய விதியும் கொண்டுவந்திருந்தார். இனி கழகம் எந்தத் தாளில் 'வருந்துகிறோம்' என்று எழுதினாலும், வருந்துபவர் யார் என்று கீழே ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர் மேல் விசாரணை. அப்புறம் எவன் வருந்துவான்? தலைவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். விதி அங்கேயே, அப்போதே அமலுக்கு வந்தது.

அதன் பிறகு தலைவர் ஆணையை வாசித்தார். குரலில் நல்ல கனிவு இருந்தது. அவருக்குக் கெட்ட செய்தி வாசிப்பது என்றால் தனிப் பிரியம்.

"...அங்கீகாரமற்ற வருத்தத்தைக் கழகத்தின் ஒலிபெருக்கியில் வெளியிட்டதும், அதை நிஜம் எனக் குறிப்பிட்டு, கழகத்தின் ஏனைய வருத்தங்களுக்குக் களங்கம் விளைவித்ததும் நிரூபணமானதால், மேற்படி அறிவிப்பாளர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். இதைத் தெரிவிக்க வருந்துகிறோம்."

மைக் அக்காவுக்கு முதலில் காதில் விழுந்தது 'நீக்கப்படுகிறார்' என்பதுதான். யாரோ ஒருத்தியை நீக்குகிறார்கள் என்று தோன்றியது. பிறகுதான் வாடகை ஞாபகம் வந்தது. பிறகு கடைசி வார்த்தை. இத்தனை நாள் விசாரித்த விசாரணையில் கேள்வி கேட்பதே அவளுக்கும் பழக்கமாகியிருந்தது. யோசித்தெல்லாம் கேட்கவில்லை, வாயில் வந்தது.

"யாரு சார்?"

"யாரு என்னம்மா?"

"வருந்துறது. ஒரு ஆளைக் காட்டுங்க சார். நான் பேசாம போயிடறேன்."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். சட்ட அலுவலர் சிரிக்கவில்லை. சற்று முன் தானே கொண்டுவந்த விதியை அவர் மேசையிலிருந்து எடுத்து மறுபடி படித்தார்.

"ஒரு கையெழுத்து வேணும்," என்றார் மெதுவாக.

"சரி, போடுங்க," என்றார் தலைவர்.

"நானா? நான் எதுக்கு சார் போடணும்? எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே. நீங்கதானே வாசிச்சீங்க!"

"வாசிச்சேன், பட்டேனா?" தலைவர் நாலாம் வேற்றுமையைப் பார்த்தார்.

"எனக்கு இல்ல," என்றார் அவர். பதறியதில் 'எனக்கு' என்று சொல்லிவிட்டதைக் கவனித்து, "நான் வருந்தவில்லை" என்று உடனே எழுவாயைத் திருத்திக்கொண்டார்.

மூவரும் சுருக்கெழுத்தரைப் பார்த்தார்கள்.

"நான் எழுதறவன் சார்," என்றார் அவர். "படறவன் இல்ல."

"அப்ப அந்த வார்த்தையையே எடுத்துடுங்க," என்றார் நாலாம் வேற்றுமை. "எழுவாய் கிடைக்காத வினையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"எடுக்க முடியாது," என்றார் தலைவர். முகம் வெளுத்திருந்தது. "வருத்தம் தெரிவிக்காத நீக்க ஆணை செல்லாது. மரியாதை விதிகள்ல இருக்கு."

"யாரு எழுதினது அந்த விதியை?" என்றார் சட்ட அலுவலர்.

மேசைக்கு மேலே கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள். மற்றவருக்கு உள்ளுக்குள் லேசாக இருக்குமோ, மறைக்கிறாரோ என்று ஒவ்வொருவருக்கும் ஐயம். கடைசியில் சட்ட அலுவலரின் முகம் மலர்ந்தது.

"ஏன் சார் இவ்வளவு அலையணும்? கழகத்துல வருத்தம் இருக்கறதா நிரூபணமான ஒரே ஊழியர் இதோ இங்கேயே நிக்கிறாங்களே! இவங்க நீக்கத்துக்கு இவங்களே வருந்தட்டும். விதியில தடையில்லை."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆணையைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்கள். பேனாவின் மூடியைத் தலைவரே கழற்றிக் கொடுத்தார். முதல் முறையாக அவள் முன்னால் ஒரு தண்ணீர் டம்ளரும் வந்தது.

மைக் அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். போட்டுத் தொலைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் இல்லாத வருத்தத்தை இருக்கிறது என்று சொன்னால் ஜெயில் என்று அதே ஆள்தானே சொன்னார்? எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று, பைக்குள் கைவிட்டுச் சாவியைத் துழாவுகிற மாதிரி உள்ளே துழாவினாள். இருக்கும் என்றுதான் நம்பினாள். வேலை போகிறது, வாடகை இருக்கிறது, எப்படி இல்லாமல் போகும்? பயம் இருந்தது. பசி இருந்தது. எரிச்சல் தாராளமாக இருந்தது. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு போன அந்தப் பெண் ஞாபகம் வந்தாள். பார்வை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாளோ இல்லையோ, அம்மாவைப் பார்த்தாளோ என்னவோ. அங்கே மட்டும் நெஞ்சு கனத்தது. இந்த அறையையும் இந்த மேசையையும் இந்த நாலு பேரையும் விட்டுப் போவதை நினைத்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை நினைத்தாள். ம்ஹூம்.

"இல்ல சார்," என்றாள்.

"என்ன இல்ல?"

"வருத்தமா இல்ல சார். நல்லாத் தேடிப் பாத்துட்டேன். பொய்யாப் போட்டா பெரிய குத்தம்னு சார்தான் சொன்னாங்க." பேனாவை மூடி மேசையில் வைத்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வேற எதுக்காவது வேணும்னா வருது சார். இதுக்கு வரமாட்டேங்குது."

கையெழுத்தில்லாமல் ஆணை இல்லை. ஆணை இல்லாமல் நீக்கம் இல்லை. சட்ட அலுவலர் இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வருந்த ஒரு ஆள் கிடைக்கற வரைக்கும் நீங்க வேலையிலதான் இருக்கீங்க. போங்க. போய் மைக்கைப் பிடிங்க. கிழக்கு வழி வண்டி இன்னைக்கும் வரலையாம்."

அவள் டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் தலைவரின் குரல் கேட்டது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பெருமூச்சோடு சொன்னார்.

"என்ன விதி எழுதி என்ன பிரயோஜனம்... சே, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

மைக் அக்கா திரும்பிப் பார்த்தாள். சுருக்கெழுத்தரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. சட்ட அலுவலர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். நாலாம் வேற்றுமை தலைவரின் பக்கம் மெதுவாகக் குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"யாருக்கு சார்?"